வாசனை எண்ணெயும் பூஞ்சை மருந்தும்: கேண்டிடா மீது செக்கர்போர்டு சோதனை செய்வது எப்படி

கிராம்பு, ஓமம், டீ ட்ரீ போன்ற வாசனை எண்ணெய்களை ஃபுளூகோனசோல் மாதிரியான பூஞ்சை மருந்தோடு சேர்த்தால் கேண்டிடா ஈஸ்ட்டை இரண்டும் கூட்டாக அடக்குகின்றனவா, ஒன்றின் வேலையை மற்றொன்று கெடுக்கிறதா, இல்லை இரண்டும் தத்தம் வழியில் போகின்றனவா? இதைப் பார்க்க ஆய்வுக்கூடங்களில் வழக்கமாகச் செய்யும் சோதனைதான் செக்கர்போர்டு. 96 குழித் தட்டில் மருந்தின் அளவு குறுக்காகவும், எண்ணெயின் அளவு மேலிருந்து கீழாகவும் குறைந்துகொண்டே போகும். எந்தக் குழியில் ஈஸ்ட் வளரவில்லை என்று பார்த்துக் கணக்கு போடுவோம்.

எம்.எஸ்சி. புராஜெக்ட் அல்லது பிஎச்.டி. வேலையை இதில் தொடங்குபவர்களுக்காக எழுதியது இது. ஆய்வுக்கூடத்துக்கான முறை மட்டுமே, வீட்டு வைத்தியம் அல்ல. இங்கே வரும் எண்களை வைத்து யாரும் உடம்பில் எண்ணெய் தடவிப் பார்க்க வேண்டாம்.

தட்டை நிரப்பும் நாளில்தான் சிரமம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் புதியவர்கள் சறுக்குவது அதற்கு முந்தைய வேலைகளில். கடைசியில் கிடைக்கும் எண் ஒரு வகுத்தல். வகுக்கும் எண் ஒரு படி (அதாவது இரு மடங்கு) தவறினாலே இல்லாத சினர்ஜி, அதாவது கூட்டு பலம், தாளில் வந்து நிற்கும். அதனால்தான் கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம் என்கிறேன்.

1. கேள்வியைச் சுருக்குங்கள்

ஒரு மருந்து, ஒரு எண்ணெய், சில ஈஸ்ட் வகைகள் போதும். ஐந்து எண்ணெய், மூன்று மருந்து என்று தொடங்கும் புராஜெக்ட் தட்டுகளின் எண்ணிக்கையிலேயே மூழ்கிவிடும். ஒவ்வொரு ஜோடியையும் ஒவ்வொரு ஈஸ்ட்டிலும் மூன்று முறை தனித்தனியாகச் செய்ய வேண்டியிருக்கும்.

மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது வேலை செய்யும் விதத்தை யோசியுங்கள். ஃபுளூகோனசோல், பூஞ்சையின் செல் சவ்வில் உள்ள எர்கோஸ்டீரால் என்ற கொழுப்புப் பொருளின் தயாரிப்பை இடையில் நிறுத்துகிறது. வாசனை எண்ணெய்களில் உள்ள தைமால், கார்வக்ரால், யூஜினால் போன்றவை செல்லின் சவ்வைக் குலைக்கின்றன. இரண்டும் ஒரே சவ்வை இரண்டு பக்கமிருந்து தாக்குவதால் சேர்ந்து பலன் தரலாம் என்று எதிர்பார்க்க நியாயம் உண்டு. ஆம்போடெரிசின் பி விஷயம் வேறு. அது எர்கோஸ்டீராலைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்கிறது. எண்ணெய் எர்கோஸ்டீராலைக் குறைத்துவிட்டால் மருந்துக்குப் பிடிமானமே இல்லாமல் போகலாம். அன்டகானிசத்தையும், அதாவது ஒன்று மற்றதன் வேலையைக் கெடுப்பதையும், எதிர்பார்த்துத் தட்டை அமையுங்கள்.

ஈஸ்ட்டில் குறைந்தது ஒரு தரக்கட்டுப்பாட்டு வகை இருக்க வேண்டும். கேண்டிடா பாராப்சிலோசிஸ் ஏ.டி.சி.சி. (அமெரிக்க நுண்ணுயிர் சேமிப்பகம்) 22019, கேண்டிடா குருசி ஏ.டி.சி.சி. 6258 இரண்டும் இதற்கென்றே உள்ளவை. குருசி பிறவியிலேயே ஃபுளூகோனசோலுக்கு அடங்காதது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். பெயர்களும் மாறியுள்ளன: குருசி இப்போது பிச்சியா, கிளாப்ரேட்டா இப்போது நாகசீயோமைசஸ். பழைய கட்டுரையையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

கேண்டிடா ஆரிஸை முதல் புராஜெக்டில் தொடாதீர்கள். மேசை, கைப்பிடி என்று ஒட்டிக்கொண்டு நெடுநாள் உயிரோடிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பூஞ்சைப் பட்டியலில் மிக முக்கியப் பிரிவில் உள்ளது. அதற்கான கட்டுப்பாடுகள் உள்ள கூடத்தில்தான் அதைக் கையாள வேண்டும்.

2. முன்கூட்டியே தயாராக வைக்க வேண்டியவை

ஊடகம்: குளுட்டமின் உள்ள, பைகார்பனேட் இல்லாத ஆர்.பி.எம்.ஐ. 1640. லிட்டருக்கு 34.53 கிராம் மோப்ஸ் பஃபர் சேர்த்து பி.எச். 7.0க்குக் கொண்டுவர வேண்டும். இதை ஆட்டோகிளேவில் வைக்கக் கூடாது. சூட்டில் குளுட்டமின் சிதைந்துவிடும், 0.22 மைக்ரான் வடிகட்டிதான் வழி. மற்ற ஊடகங்களைப் போல இதையும் ஆட்டோகிளேவில் ஏற்றிவிடுவது வருடா வருடம் யாராவது செய்யும் தவறு.

மருந்து: தூய தூள், அதன் பகுப்பாய்வுச் சான்றிதழோடு. மருந்துக்கடையில் வாங்கிய 150 மி.கி. மாத்திரையை இடித்துப் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதில் ஸ்டார்ச், பசை, நிறமி எல்லாம் உண்டு. கரைசல் கலங்கும், அளவும் நிச்சயமில்லை.

மற்றவை: அடி உருண்டையான அல்லது தட்டையான 96 குழித் தட்டுகள், ஒட்டும் மூடுபடலம், மல்ட்டிசேனல் பிப்பெட், கண்ணாடிக் குப்பிகள், ட்வீன் 80 (எண்ணெயை நீரில் கலக்கவைக்கும் பொருள்), டி.எம்.எஸ்.ஓ. (மருந்துக்கான கரைப்பான்), 0.85 சதவீத உப்புநீர், சபோரோ டெக்ஸ்ட்ரோஸ் அகார், 35 டிகிரி இன்குபேட்டர், முடிந்தால் குழிகளின் கலங்கலை அளக்கும் தட்டு ரீடர். வேலை முழுவதும் இரண்டாம் வகுப்பு உயிரியல் பாதுகாப்பு கேபினட்டில்.

எந்த நெறிமுறையைப் பின்பற்றுகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். அமெரிக்காவின் சி.எல்.எஸ்.ஐ. எம்27 முறையில் குழியில் மில்லிலிட்டருக்கு 500 முதல் 2,500 செல்கள். ஐரோப்பிய யூகாஸ்ட் முறையில் அதைப்போல நூறு மடங்கு, குளுக்கோஸும் 2 சதவீதம். இரண்டையும் கலந்துகட்டினால் உங்கள் எண்களை யாரோடும் ஒப்பிட முடியாது. இந்த வழிகாட்டி சி.எல்.எஸ்.ஐ. வழியில் போகிறது.

3. எண்ணெய் என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

லேபிளில் உள்ள பெயர் போதாது. இலங்கைக் கறுவா மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பட்டையிலிருந்து எடுத்த எண்ணெயில் சின்னமால்டிஹைடு அதிகம், இலையிலிருந்து எடுத்ததில் யூஜினால் அதிகம். மரம் ஒன்று, எண்ணெய் இரண்டு. வேதியியலாகப் பார்த்தால் இலை எண்ணெய்க்குப் பட்டை எண்ணெயைவிடக் கிராம்பு எண்ணெய்தான் நெருங்கிய சொந்தம். வெறுமனே 'சின்னமன் ஆயில்' என்று எழுதிய கட்டுரையை வைத்து உங்கள் முடிவை ஒப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால் வாங்கும்போதே தாவரத்தின் அறிவியல் பெயர், எந்தப் பாகம், எந்த நாடு, பேட்ச் எண், காய்ச்சி வடித்ததா என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குப்பியிலிருந்தே ஒரு மாதிரியை, எண்ணெயின் கூறுகளைப் பிரித்து அடையாளம் காட்டும் ஜி.சி.எம்.எஸ். பகுப்பாய்வுக்கு அனுப்புங்கள். டீ ட்ரீ எண்ணெய்க்கு ஐ.எஸ்.ஓ. 4730 என்ற தரநிலை இருக்கிறது. 2017 பதிப்பின்படி டெர்பினென்-4-ஆல் 35 முதல் 48 சதவீதம் இருக்க வேண்டும், சினியோல் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இப்படித் தரநிலை உள்ள எண்ணெயில் வேலை செய்வது எளிது.

கலப்படம் பற்றிச் சந்தேகமிருந்தால் வடிதாளில் ஒரு சொட்டு விட்டு மறுநாள் பாருங்கள். சமையல் எண்ணெய் போன்ற கனமான எண்ணெய் கலந்திருந்தால் பிசுக்குக் கறை அப்படியே இருக்கும். முதல் சல்லடைக்கு இது போதும், ஆனால் ஜி.சி.எம்.எஸ்.ஸுக்கு மாற்று அல்ல. சந்தனம், வெட்டிவேர் மாதிரி மெதுவாக ஆவியாகும் எண்ணெய்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

சேமிப்பு: பழுப்புக் கண்ணாடிக் குப்பி, விளிம்பு வரை நிரப்பி, குளிர்பதனப் பெட்டியில். பாதி காலியான குப்பியில் உள்ள காற்று எண்ணெயை ஆக்சிஜனேற்றம் செய்யும். மார்ச்சில் திறந்த குப்பியையும் அக்டோபரில் அதே குப்பியையும் ஒரே எண்ணெய் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வாங்கியதும் சிறு குப்பிகளில் பிரித்துவைத்து ஒரு சோதனைக்கு ஒரு குப்பி என்று திறப்பதே நல்லது.

4. மருந்துக் கரைசல்

ஃபுளூகோனசோலின் உச்ச அளவு குழியில் மில்லிலிட்டருக்கு 64 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு குழியிலும் மொத்தம் 200 மைக்ரோலிட்டர். அதில் மருந்து 50, எண்ணெய் 50, ஈஸ்ட் 100. ஆகவே மருந்தும் எண்ணெயும் நான்கு மடங்கு அடர்த்தியில், ஈஸ்ட் இரண்டு மடங்கு அடர்த்தியில் தயாராக வேண்டும். இந்த நான்கு மடங்கை மறந்துவிட்டு 64லேயே தொடங்குபவர்கள் உண்டு, அவர்களுடைய எம்.ஐ.சி. இரண்டு படி உயர்ந்து தெரியும். எம்.ஐ.சி. என்பது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவு.

ஆக, மேல் கரைசல் 256 மைக்ரோகிராம். அதற்கு டி.எம்.எஸ்.ஓ.வில் 25.6 மி.கி./மி.லி. இருப்புக் கரைசல் செய்து, ஊடகத்தில் நூறில் ஒன்றாக நீர்த்தால் சரியாக வரும். குழியில் டி.எம்.எஸ்.ஓ. 0.25 சதவீதம்தான் மிஞ்சும். 1 சதவீதத்தைத் தாண்டினால் அதுவே ஈஸ்ட்டைத் தொந்தரவு செய்யத் தொடங்கும்.

எடை போடும்போது சான்றிதழில் உள்ள வீரிய சதவீதத்தைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆம்போடெரிசின் என்றால் வெளிச்சம் படாமல் அலுமினியத் தாளில் சுற்றிவையுங்கள்.

5. எண்ணெயைத் தண்ணீரில் நிறுத்துவது

முழு வேலையிலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

முதலில், எண்ணெயைப் பிப்பெட்டால் அளக்காமல் எடை போடுங்கள். பிசுபிசுப்பு டிப்பின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும், 20 மைக்ரோலிட்டர் எடுத்தால் 20 இறங்காது. கண்ணாடிக் குப்பியைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, சொட்டு சொட்டாக விட்டு, அடர்த்தியைக் கொண்டு கன அளவாக மாற்றுங்கள். கிராம்பு எண்ணெய் மில்லிலிட்டருக்குச் சுமார் 1.05 கிராம், டீ ட்ரீ சுமார் 0.89. இரண்டையும் '1 சதவீதம்' என்று எழுதினாலும் மில்லிலிட்டருக்கு ஒன்றில் சுமார் 10.5 மி.கி., மற்றதில் 8.9 மி.கி. இருக்கிறது. அறிக்கையில் இரண்டு அலகுகளையும் கொடுங்கள்.

நீர்க்காத எண்ணெயை பாலிஸ்டைரின் குழாயில் ஊற்றாதீர்கள். லிமோனீன் அதிகமுள்ள எண்ணெய்கள் அந்தப் பிளாஸ்டிக்கையே கரைக்கும். குழாய் பால்போல் மங்கிய பிறகு கவனித்துப் பயனில்லை.

அடுத்து ட்வீன் 80. எடை போட்ட எண்ணெயோடு முதலில் ட்வீனை மட்டும் சேர்த்துக் கலக்குங்கள். அப்புறம் ஊடகத்தைச் சிறிது சிறிதாக விட்டு, ஒவ்வொரு தடவையும் வோர்டெக்ஸ் கருவியில் சுழற்றிக் கலக்குங்கள். ஊடகத்தில் எண்ணெயை ஊற்றிவிட்டு மேலே ட்வீன் போட்டால் எண்ணெய் மேலேயே வளையம் கட்டி மிதக்கும். குழம்புக்குப் புளி கரைப்பது மாதிரிதான்: கொஞ்சம் தண்ணீரில் நன்றாகக் கரைத்த பிறகே மீதித் தண்ணீர்.

கலவை சரியா என்று பார்க்க, மேசைமேல் அரை மணி நேரம் விடுங்கள். மேற்பரப்பைச் சாய்வாக வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் திட்டுகளோ குப்பிச் சுவரில் சொட்டுகளோ இருந்தால் அந்தக் கலவையில் கீழே எடுக்கும் அளவும் மேலே எடுக்கும் அளவும் வேறு வேறு. திரும்பச் செய்யுங்கள்.

ட்வீனின் அளவு எல்லாக் குழியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். எண்ணெயைப் பாதிபாதியாக நீர்த்துக்கொண்டு போகும்போது வெறும் ஊடகத்தில் நீர்த்தால் ட்வீனும் சேர்ந்து குறைந்துவிடும். பின்னர் தெரியும் வித்தியாசம் எண்ணெயாலா ட்வீனாலா என்று பிரிக்க முடியாது. அதனால் நீர்ப்பதற்கும் அதே சதவீத ட்வீன் கலந்த ஊடகத்தையே பயன்படுத்துங்கள். குழியில் 0.5 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ட்வீன் அதிகமானால் எண்ணெய்ப் பொருட்களைத் தனக்குள் பிடித்துவைத்து அவற்றின் வீரியத்தையும் குறைத்துவிடும்.

6. தனித்தனி எம்.ஐ.சி. முதலில்

மருந்துக்கும் எண்ணெய்க்கும் தனித்தனியாக எம்.ஐ.சி. தெரியாமல் கலவைத் தட்டைத் தொடக் கூடாது. காரணம் எளிது. கலவைத் தட்டில் எண்ணெய்க்கு ஏழு படிகள்தான் உண்டு. எம்.ஐ.சி. எங்கே என்று தெரியாமல் அந்த ஏழையும் எங்கே வைப்பீர்கள்? வரம்புக்கு வெளியே போய்விட்டால் ஒரு முழுத் தட்டு வீண்.

தரக்கட்டுப்பாட்டு வகையை இந்தக் கட்டத்திலேயே ஓட்டுங்கள். கேண்டிடா பாராப்சிலோசிஸ் 22019க்கு 24 மணி நேரத்தில் ஃபுளூகோனசோல் 0.5 முதல் 4 மைக்ரோகிராமுக்குள் வர வேண்டும். வரவில்லையென்றால் எண்ணெய் பக்கமே போகாதீர்கள். ஊடகம், மருந்தின் எடை, செல் எண்ணிக்கை இவற்றில் ஏதோ ஒன்று கோளாறு.

வெவ்வேறு நாட்களில் செய்த முடிவுகள் ஒரு படிக்குள் ஒத்துப்போக வேண்டும். இரண்டு மூன்று படிகள் ஆடினால் பெரும்பாலும் எண்ணெய்க் கலவைதான் குற்றவாளி, ஐந்தாம் பகுதிக்குத் திரும்புங்கள்.

7. தட்டின் வரைபடம்

தாளில் வரைந்து, கேபினட் கண்ணாடியில் ஒட்டிவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். நான் பரிந்துரைக்கும் அமைப்பு இது.

நெடுவரிசை 1 முதல் 10 வரை மருந்து, இடமிருந்து வலமாகக் குறையும். 64இல் தொடங்கினால் பத்தாவதில் 0.125. எளிதில் அடங்கும் வகை என்றால் எம்.ஐ.சி.யின் நான்கு மடங்கில் தொடங்கினால் போதும்.

ஏ முதல் ஜி வரையான வரிசைகளில் எண்ணெய், மேலிருந்து கீழாகக் குறையும். ஏ வரிசையில் எம்.ஐ.சி.யின் இரு மடங்கு, ஜி வரிசையில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. எச் வரிசையில் மருந்து மட்டும். நெடுவரிசை 11இல் எண்ணெய் மட்டும்.

எண்ணெய் ஏன் மேலே அதிகம்? அது ஆவியாகிப் பக்கத்துக் குழிக்குப் போகும். மருந்து மட்டும் உள்ள எச் வரிசைக்குப் பக்கத்தில் மிகக் குறைந்த எண்ணெய் வரிசை இருப்பதுதான் நல்லது. தலைகீழாக வைத்தால் 'மருந்து மட்டும்' குழிகளிலும் எண்ணெய் நெடி புகுந்து, தனி எம்.ஐ.சி.யே பொய்யாகிவிடும்.

எச்11: மருந்தும் இல்லை, எண்ணெயும் இல்லை. டி.எம்.எஸ்.ஓ., ட்வீன், ஈஸ்ட் மட்டும். இதுதான் வளர்ச்சிக்கான ஒப்பீட்டுக் குழி.

ஏ12 முதல் டி12 வரை வெறும் ஊடகத்தில் ஈஸ்ட். இவை காவல் குழிகள், எண்ணெய் ஆவி பரவுகிறதா என்று பார்க்க எண்ணெய் அதிகமுள்ள குழிகளுக்கு ஒட்டி வேண்டுமென்றே வைத்தவை. இ12 முதல் எச்12 வரை ஈஸ்ட் இல்லாத ஊடகம், மாசு நுழைந்ததா என்று பார்க்க.

இதற்கு மேல் இரண்டு தட்டுகள் வேண்டும். ஒன்று, எண்ணெயே படாத தட்டு: சில குழிகளில் ஈஸ்ட், மருந்துத் தொடர் ஒன்று. இன்னொன்று, எல்லா எண்ணெய்ப் படிகளும் உள்ள, ஈஸ்ட் இல்லாத தட்டு. முதலாவதோடு ஒப்பிட்டால் காவல் குழிகளில் வளர்ச்சி குறைந்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். இரண்டாவது, எண்ணெயின் கலங்கலை வளர்ச்சி என்று எண்ணாமல் காப்பாற்றும். 'இரண்டு தட்டு கூடுதல் செலவு' என்று இதைத்தான் முதலில் வெட்டுவார்கள். ஒரு கலவைத் தட்டைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை, இவற்றை விடாதீர்கள்.

8. ஈஸ்ட்டைத் தயார்செய்வது

உறைநிலையிலிருந்து எடுத்த ஈஸ்ட்டை சபோரோ அகாரில் இரண்டு முறை வளர்த்து, 24 மணி நேர வளர்ச்சியை எடுங்கள். பழைய தட்டில் இறந்த செல்கள் அதிகம், கலங்கல் சரியாக இருந்தாலும் உயிருள்ள எண்ணிக்கை குறைவாக இருக்கும்.

ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள ஐந்து காலனிகளை உப்புநீரில் கலந்து, மெக்ஃபார்லாண்ட் என்ற கலங்கல் அளவுகோலில் 0.5க்குச் சரிசெய்யுங்கள். அதில் மில்லிலிட்டருக்கு 10 முதல் 50 லட்சம் செல்கள் இருக்கும். ஐம்பதில் ஒன்றாகவும், பின் ஊடகத்தில் இருபதில் ஒன்றாகவும் நீர்த்தால் 1,000 முதல் 5,000. குழியில் பாதியாகி 500 முதல் 2,500 வரை வந்துவிடும்.

கண்ணை நம்பாதீர்கள், எண்ணிப் பாருங்கள். நிரப்பி முடித்ததும் வளர்ச்சிக் குழி ஒன்றிலிருந்து 100 மைக்ரோலிட்டரை அகாரில் பரப்புங்கள். மறுநாள் 50 முதல் 250 காலனிகள் வந்தால் சரி. இதற்காக எண்ணெய் படாத தட்டில் ஒரு குழியைக் கூடுதலாக நிரப்பிக்கொள்ளுங்கள், வாசிக்க வேண்டிய குழியைக் குறைக்க வேண்டாம். செல்கள் அதிகமானால் எம்.ஐ.சி. உயரும்.

9. நிரப்பும் வரிசை

மருந்து, பிறகு எண்ணெய், கடைசியில் ஈஸ்ட்.

மருந்து ஆவியாகாது என்பதால் எல்லாத் தட்டுகளிலும் 50 மைக்ரோலிட்டர் முதலில் போட்டு வைக்கலாம். எண்ணெயை அப்படி முன்கூட்டியே போட்டு வைக்கக் கூடாது. ஒவ்வொரு தட்டாக எடுத்து, ஜி வரிசையில் தொடங்கி ஏ வரிசைக்கு மேலே போங்கள். குறைந்த அளவிலிருந்து கூடிய அளவுக்குப் போவதால் டிப்பில் ஒட்டிய மிச்சம் பெரிய தவறாகாது. அப்படியும் வரிசைக்கு ஒரு புது டிப்தான். ஒவ்வொரு படியையும் உறிஞ்சும் முன் குப்பியை ஒருமுறை கலக்கிவிடுங்கள், எண்ணெய் அசையாமல் நின்றால் பிரிந்துகொண்டே இருக்கும்.

எச் வரிசையில் எண்ணெய்க்குப் பதில் ட்வீன் ஊடகம் 50, நெடுவரிசை 11இல் மருந்துக்குப் பதில் டி.எம்.எஸ்.ஓ. ஊடகம் 50. இதை மறந்தால் அந்தக் குழிகளில் மொத்தம் 150 மைக்ரோலிட்டர்தான் இருக்கும், அளவுகள் எல்லாம் கூடிப்போகும். புதியவர்களின் தட்டில் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டு ஓரங்களைத்தான். சாய்த்துப் பார்த்தால் நீர்மட்டம் குறைந்திருப்பது கண்ணுக்கே தெரியும்.

ஈஸ்ட் 100 போட்ட உடனே மூடுபடலத்தை ஒட்டி, குழிக்குக் குழி விரலால் அழுத்துங்கள். அப்புறம்தான் அடுத்த தட்டு.

10. இன்குபேட்டரில்

35 டிகிரி, 24 மணி நேரம், அசைக்காமல். எண்ணெய் படாத தட்டுக்கும் அதே மூடுபடலம்தான், ஆனால் வேறு பெட்டியில் அல்லது வேறு இன்குபேட்டரில். கதவைத் திறந்ததும் கிராம்பு மணம் வீசினால் ஏதோ ஒரு தட்டு சரியாக மூடவில்லை. அந்தச் சுற்று முடிவுகளைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும்.

11. வாசிப்பது

முதலில் கட்டுப்பாட்டுக் குழிகள். காவல் குழிகளில் வளர்ச்சி, எண்ணெய் படாத தட்டில் உள்ளதைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால் தட்டை நிராகரியுங்கள். எச்11இல் குறைந்திருந்தால் ட்வீனோ டி.எம்.எஸ்.ஓ.வோ காரணம்.

பிறகு எல்லைக் கோடு. ஃபுளூகோனசோல் கேண்டிடாவைக் கொல்வதில்லை, வளர்ச்சியை நிறுத்துகிறது. எம்.ஐ.சி.யைத் தாண்டிய குழிகளிலும் லேசான வளர்ச்சி இழுத்துக்கொண்டே போகும். அதனால் வளர்ச்சி 50 சதவீதம் குறைந்த குழியைத்தான் எம்.ஐ.சி. என்று கொள்வது வழக்கம். எண்ணெய்க்கோ பலரும் சுத்தமாகத் தெளிந்த குழியை எடுக்கிறார்கள். மருந்துக்கு ஒரு அளவுகோல், எண்ணெய்க்கு ஒன்று, கலவைக்கு எது வசதியோ அது என்று வாசித்தால் கணக்கு செல்லாது. ஒரே அளவுகோலை முழுத் தட்டுக்கும் வைத்து, அது எது என்று வாசிக்கும் முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள்.

தட்டு ரீடரில் 530 நானோமீட்டரில் படிப்பதாக இருந்தால் முதலில் குழிகளைக் கலக்குங்கள். கேண்டிடா ஆல்பிகன்ஸ் இழைவிட்டு அடியில் திரளாகக் கிடக்கும். ஈஸ்ட் இல்லாத எண்ணெய்த் தட்டின் அளவைக் குழிக்குக் குழி கழித்துவிடுங்கள். ரெசசூரின் சாயம் போடுபவர்கள், நீலம் இளஞ்சிவப்பானால் வளர்ச்சி என்று கொள்ளும் முன், ஈஸ்ட் இல்லாத எண்ணெய்க் குழிகளிலும் அதைப் போட்டுப் பாருங்கள். எண்ணெயே நிறத்தை மாற்றுகிறதென்றால் அந்தச் சாயம் உங்களுக்கு உதவாது.

12. கணக்கு

கலவையில் மருந்தின் எம்.ஐ.சி.யை அதன் தனி எம்.ஐ.சி.யால் வகுக்கவும். எண்ணெய்க்கும் அப்படியே. இரண்டையும் கூட்டினால் எஃப்.ஐ.சி. (பகுதித் தடுப்பு அளவு) குறியீடு. 0.5 அல்லது அதற்குக் கீழே என்றால் சினர்ஜி. 4ஐத் தாண்டினால் அன்டகானிசம். இடையில் உள்ளதெல்லாம் 'இடைவினை இல்லை'.

கணக்குக்காக ஓர் உதாரணம். மருந்து தனியாக 16, கலவையில் 2: விகிதம் 0.125. கிராம்பு எண்ணெய் தனியாக 0.25 சதவீதம், கலவையில் 0.0625: விகிதம் 0.25. கூட்டினால் 0.375, சினர்ஜி. சரி, எண்ணெயின் தனி எம்.ஐ.சி. உண்மையில் 0.125 என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் சரியாகக் கலக்காமல் ஒரு படி மேலே வாசித்துவிட்டீர்கள், அவ்வளவுதான். அப்போது 0.125 + 0.5 = 0.625. சினர்ஜி போய்விட்டது. ஒரே ஒரு படி. ஆறாம் பகுதியில் அவ்வளவு வற்புறுத்தியது இதற்காகத்தான்.

0.5க்கும் 1க்கும் நடுவே வந்ததை 'பகுதி சினர்ஜி' என்றும் 'கூட்டு விளைவு' என்றும் எழுதும் பழக்கம் நிறைய இருக்கிறது. இந்த முறையிலேயே ஒரு படி ஆட்டம் இயல்பு என்பதால், அந்தப் பெயர்களை விட்டுவிடும்படி 2003இலேயே எஃப். சி. ஓட்ஸ் ஆய்விதழ்த் தலையங்கத்தில் வலியுறுத்தினார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது.

வளர்ச்சி நின்ற எல்லையில் உள்ள எல்லாக் குழிகளுக்கும் குறியீடு கணக்கிடுங்கள். மிகக் குறைந்ததை மட்டும் பொறுக்கி எழுதாமல், மிக அதிகமானதையும் சேர்த்துக் கொடுங்கள். தனி எம்.ஐ.சி. 64க்கு மேல் போனால் 128 என்று எடுத்துக்கொள்வது வழக்கம், அப்படிச் செய்ததைச் சொல்லிவிடுங்கள். மூன்று முறை என்றால் மூன்று வெவ்வேறு நாள், புது ஈஸ்ட், புதுக் கலவை. ஒரே நாளில் ஒரே கலவையிலிருந்து நிரப்பிய மூன்று தட்டுகள் ஒரு முறைதான்.

13. சினர்ஜி வந்தால் அடுத்தது

செக்கர்போர்டு வளர்ச்சி நின்றதை மட்டும் சொல்கிறது. கொன்றதா என்று அறிய நேரக் கொல்திறன் சோதனை: 0, 2, 4, 8, 12, 24 மணி நேரங்களில் மாதிரி எடுத்து, நீர்த்து, அகாரில் பரப்பி எண்ண வேண்டும். தனியாகச் சிறப்பாகச் செயல்பட்ட பொருளைவிடக் கலவை 24 மணி நேரத்தில் நூறு மடங்கு கூடுதலாகக் குறைத்தால் சினர்ஜி என்பார்கள். மாதிரியோடு எண்ணெயும் அகாருக்கு வந்து அங்கேயும் வளர்ச்சியைத் தடுக்கும். போதுமான அளவு நீர்த்தோ, செல்களைக் கழுவியோதான் பரப்ப வேண்டும்.

அடுத்து நச்சுத்தன்மை. மேலே உதாரணத்தில் வந்த 0.0625 சதவீதக் கிராம்பு எண்ணெய் என்பது மில்லிலிட்டருக்குச் சுமார் 650 மைக்ரோகிராம். பக்கத்தில் மருந்து வெறும் 2. அந்த அளவு எண்ணெயை ரத்தத்தில் எட்டவைப்பதாக நினைக்கவே கூடாது. ஆகவே தோல், வாய், யோனி போன்ற மேற்பரப்புப் பயன்பாட்டைத் தவிர வேறெதையும் முடிவுரையில் எழுதாதீர்கள். அதற்கும் முன்னால் சிவப்பணு சிதைவு, செல் வளர்ப்பில் நச்சு அளவு இரண்டையும் அதே கலவை அளவில் பார்க்க வேண்டும். மனித ரத்தம் என்றால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முதலில். ஈஸ்ட்டின் சவ்வைக் குலைக்கும் பொருள் நம் செல்லின் சவ்வை மட்டும் ஏன் விட்டுவைக்கும்?

புராஜெக்ட் செய்பவர்களிடம் வீட்டிலும் ஹாஸ்டலிலும் 'அப்போ நாங்களே தடவிக்கலாமா' என்று கேட்பார்கள். பதில் கூடாது என்பதுதான். நீர்க்காத எண்ணெய் மென்மையான சளிச்சவ்வைப் புண்ணாக்கும். டீ ட்ரீ எண்ணெயை விழுங்கினால் நஞ்சு. எண்ணெய்ப் பசையுள்ள பொருட்கள் லேடக்ஸ் ஆணுறையைப் பலவீனமாக்கும். அடிக்கடி திரும்பி வரும் ஈஸ்ட் தொற்றுக்குப் பின்னால் சர்க்கரை நோயோ மருந்துக்கு அடங்காத வகையோ இருக்கலாம், அதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும்.

14. அறிக்கையில் விடக் கூடாதவை

தாவரப் பெயர், பாகம், பேட்ச், முக்கியக் கூறுகளின் சதவீதம், ட்வீன் மற்றும் டி.எம்.எஸ்.ஓ. இறுதி அளவு, எண்ணிப் பார்த்த செல் எண்ணிக்கை, தரக்கட்டுப்பாட்டு வகையின் எம்.ஐ.சி., வாசிப்பு அளவுகோல், தட்டு மூடிய விதம், காவல் குழிகளின் முடிவு. நிராகரித்த தட்டுகள் எத்தனை, ஏன் என்பதையும் எழுதுங்கள். தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் ஆவியைப் பற்றியே இருக்கும். ஏ12 முதல் டி12 வரையான குழிகளின் அளவீடுகளை எண்ணெய் படாத தட்டின் அளவீடுகளோடு ஒரே அட்டவணையில் வைத்திருந்தால் அதைக் காட்டினால் போதும்.